ஆளுக்கு மட்டும் கவர் கிடையாது

ஜனவரி 11

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். ஐந்தாவது வரை படித்ததில் எனக்கு மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான். நான் நலமாக இல்லை, அதனால் அதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

என் தங்கச்சி போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உன்னோடு ஒரே மாடியில் ஆறு வருடம் தொழில் செய்தவள். நீங்கள் எல்லோரும் அவளுக்கு வாயாடி என்று பேர் வைத்திருப்பதை அவளே சொல்லிச் சிரிப்பாள். கடைசி ஒன்பது நாள் அந்த வாய் பேசவில்லை. நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் புண். தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்துவிட்டேன். அவளைக் கழுவித் துடைக்கத் தூக்கினால் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. முப்பத்தொரு கிலோ.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்.ஐ.வி. என்றார். "என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். தையல் கம்பெனி என்றேன். சித்திக்கும் ஊருக்கும் சொல்லி வைத்திருக்கிற அதே பொய்.

அப்புறம் அவள் பெட்டியைத் திறந்தேன். மூன்று சேலை, ஒரு பவுடர் டப்பா. மீதி இடம் முழுக்க ஆணுறை. நீங்கள் கவர் என்று சொல்வீர்களே, அது. பிரிக்காத அட்டைப்பெட்டி மட்டும் நான்கு. இத்தனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி இந்த வியாதியில் சாவாள்? எனக்கு மண்டை வெடிக்கிறது.

போனில் பேசினால் அந்த வீட்டை நடத்துகிற மாடிக்காரி ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் கடிதமாக எழுது. யாரால் வந்தது? அவன் இன்னும் அங்கே வந்து போகிறானா? அவனிடமிருந்து நீ தப்பித்து இருக்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு உன் சித்தி மகள் எழுதிக்கொள்வது.

தையல் மிஷின் மிதித்து மிதித்து உனக்கு முட்டி வீங்குகிறது என்று வாயாடி சொல்வாள். இப்போது எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். சளி மட்டும்தான்.

கவர் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறாய். அது அப்படி இல்லை அக்கா. வெளியே போய்த் தொழில் பார்க்கிறவள் பையில் கவர் இருந்தால் போலீஸ்காரன் அதையே சாட்சியாக எடுத்து வைக்கிறான். அதனால் அவர்கள் எடுத்துக்கொண்டு போவதே இல்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் போடச் சொன்னால் கையை ஓங்குகிறான். இன்னொருத்தன் கவர் வேண்டாம், கூடக் கொடுக்கிறேன் என்கிறான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்றைக்கு யாராயிருந்தாலும் தலையை ஆட்டிவிடுவாள். வந்தவன் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனால் மாடிக்காரி எங்களைத்தான் பிடிக்கிறாள். "வந்தவனுக்குப் பாடம் நடத்துறியா? அப்ப டீச்சர் வேலைக்குப் போயிருக்கணும்டி நீ."

ஆனால் வாயாடி இதிலெல்லாம் கறார். ஒரு தடவை ஒரு மேஸ்திரி வந்து, "எனக்கு அது அலர்ஜி"ன்னு சொன்னான். "அலர்ஜின்னா தோல் டாக்டர்கிட்ட போங்கண்ணே, இங்க எதுக்கு வந்தீங்க?" என்று அவன் பேண்ட்டைத் தூக்கி மாடிப்படியில் எறிந்துவிட்டாள். அவன் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் எடுத்தான். நாங்கள் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

யாரால் என்று கேட்காதே. தெரிந்து இப்போது என்ன ஆகப்போகிறது? வேளைக்குச் சாப்பிடு.

உன் சின்னவள்


பிப்ரவரி 13

சின்னவளுக்கு,

உன் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன். என் முட்டி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, அதை விடு.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். போலீஸ்காரன், குடிகாரன், மாடிக்காரி, மேஸ்திரி, எல்லாரும் வந்துபோகிறார்கள். நான் கேட்ட ஆள் மட்டும் வரவில்லை. வருகிறவனின் பேண்ட்டைப் படியில் எறிகிறவளுக்கு வருகிறவனால் இது வந்திருக்காது. அதைப் புரிந்துகொள்ள உன்னைப் போல எட்டாவது படித்திருக்க வேண்டியதில்லை, ஐந்தாவது போதும்.

பேச்சு நிற்பதற்கு முன்னால், காய்ச்சல் ஏறினபோது அவள் ஒருத்தனைக் கூப்பிட்டாள். பேர் சொல்லவில்லை. "பெயிண்டரே, பெயிண்டரே, சாப்பிட்டாச்சா"ன்னு கேட்டாள். எச்சில் விழுங்க முடியாமல் கிடக்கிறவள், அவன் சாப்பிட்டானா என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

பெயிண்டர் யார்? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபப்படாதே. இந்த மாடியில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தியுடைய ஆளைப் பற்றி இன்னொருத்தி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவள் மயிரை இவள் பிடிப்பாள். பேசினவள் கண் அவன் மேல் என்று ஆகிவிடும். செத்தவளுடைய ஆளைப் பற்றி எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

இங்கே வருகிறவன் வேறு, ஆள் வேறு. வருகிறவன் வேலை முடிந்தால் போய்விடுவான். ஆள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சாப்பிட்டு, தூங்கி, பனியனைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போவான். எங்களுக்குக் கல்யாணம் என்று இருப்பது அதுதான். பெயிண்டர் வாயாடியுடைய ஆள். நான்கு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் தலைக்குக் குளிப்பாள், படுக்கை விரிப்பை மாற்றுவாள், கவர் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவர் கண்ணில் படக் கூடாது. தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிற நலப்பணி அக்கா கவர் கொடுக்கும்போது, "எல்லாருக்கும் போடணும், வீட்டு ஆளுக்கும் போடணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள். வாயாடி அவளிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏங்க, மத்தவனுக்கும் அவருக்கும் இருக்கிற வித்தியாசமே அது ஒண்ணுதான். அதையும் மாட்டிவிட்டா அப்புறம் அவரை எதை வெச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

எல்லோரும் சிரித்தோம். எங்கள் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஆளுக்கு மட்டும் கவர் கிடையாது. இங்கே எல்லாருமே அப்படித்தான்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. அவள் போன செய்தி கேட்டு நிஜமாகவே அழுதார். முன்னே அவள் அறைக்கு நீல பெயிண்ட் அடித்துக் கொடுத்தது அவர்தான். இப்போது எனக்கும் பச்சை அடித்துக் கொடுத்திருக்கிறார். சுவரில் ஈரம் ஊறி அசிங்கமாக இருந்தது, இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
சின்னவள்


மார்ச் 29

சின்னவளுக்கு,

விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் இதற்குப் பதில் சொல். அவன் எதற்கு உன் அறைக்குப் பெயிண்ட் அடித்தான்? இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் அறையில் சாப்பிடுகிறான்? அவன் பனியனை யார் துவைக்கிறார்கள்? கவர் இல்லாமல் உன்னிடம் வருகிறானா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

திரும்பவும் அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இதற்கு மாத்திரை இருக்கிறதாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துத் தினமும் விடாமல் சாப்பிட்டிருந்தால் என் தங்கச்சி இன்றைக்கு யார் பேண்ட்டையாவது எறிந்துகொண்டு இருந்திருப்பாள். "ஏம்மா முன்னாடியே டெஸ்ட் எடுக்கல?" என்று என்னைக் கேட்கிறார். அவள் எடுக்கப் போனாள். உங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன், "அந்தத் தொழில் பண்ற பொம்பளைங்கள்லாம் அந்த ஓரமா நில்லுங்க" என்று எல்லோர் எதிரிலும் கத்தினான். அப்படியே திரும்பி வந்தவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பதில் உடனே வர வேண்டும். சித்தி நன்றாக இருக்கிறாள், உன் கம்பெனியில் எப்போது லீவு விடுவார்கள் என்று கேட்கிறாள்.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? நானும் சௌக்கியம்.

ஆம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். எனக்குப் போதவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். ஏழு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டது.

ஆறு வருடமாக இந்த அறைக்கு வந்தவர்களில் நீ சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருத்தர்தான். உங்கள் போனில்கூட அது வராது. அம்மா எப்போது அனுப்புவாய் என்பாள், நீ உடம்பு எப்படி என்பாய், சரி வைக்கிறேன் என்பாய். நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்று உனக்கு எத்தனை வருடமாகத் தெரியும்? விட்டுவிட்டு வா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்னாயா?

கேள், இதையும் சொல்லிவிடுகிறேன். வாயாடி நோயோடு உன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா எனக்குத் தட்டை மாத்திட்டாடி, தம்ளரும் தனி" என்றாள். அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். கவர் இல்லாமல் எங்களைத் தொட்டவர் அவர் ஒருத்தர். நீ சோற்றுத் தட்டுக்கே கவர் போட்டவள். நீ எனக்குப் புத்தி சொல்லாதே.

முட்டியைப் பார்த்துக்கொள்.
சின்னவள்


மே 25

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். நாலு நாள் மிஷினில் உட்காரவில்லை.

தட்டை மாற்றினேன். தம்ளரையும் மாற்றினேன். தட்டில் ஒட்டாது என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான். அதற்குப் பிறகும் நான் பழைய தட்டை எடுத்து வைக்கவில்லை, எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போதுமா? நீ இன்னும் திட்ட வேண்டுமென்றால் திட்டு, எனக்கு அது வேண்டும்.

ஆனால் என்னைத் திட்டிவிட்டதால் உன் உடம்பு தப்பிக்காது. நான் கெட்டவளாக இருப்பதால் அவன் நல்லவனாகிவிட மாட்டான்.

நீ அவனை விட்டுவிட வேண்டும் என்று சொன்னால் கேட்க மாட்டாய். ஒன்றே ஒன்று கேள். "ரெண்டு பேரும் சேர்ந்து போய் டெஸ்ட் எடுத்துட்டு வரலாம், வாங்க" என்று கேள். சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரிந்தவனுக்கு அதுவரை நடந்து வரவும் தெரிய வேண்டும். ஜூன் பதினைந்தாம் தேதி காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். உன்னோடு நானும் வரிசையில் நிற்பேன். எனக்கும் எடுக்கட்டும். அந்த சீட்டு எழுதுகிறவன் கத்துவதை நானும் கேட்க வேண்டும்.

அதுவரைக்குமாவது கவர் போடச் சொல்லு. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

சுகமா? நான் சரியாகத் தூங்கவில்லை, மற்றபடி ஒன்றுமில்லை.

கேட்டேன். சோறு போட்டு முடித்த பிறகு கேட்டேன். முதலில் சிரித்தார். "யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தா, அந்தக் கவர்க்காரியா?" என்றார். அக்கா வருகிறாள், மூன்று பேரும் போகலாம் என்றேன். "என்னை நம்பலியா நீ? நான் உன்னை நம்பித்தானே கவர் இல்லாம வர்றேன்? உன்கிட்ட எத்தனை பேர் வர்றான், நான் கேட்டனா?" என்றார். நீ வருகிற தேதியை மட்டும் திரும்பச் சொன்னேன். சரி வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். கீழே போய் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

அது போன மாதம் முப்பத்தொன்று. வரவில்லை. பிரஷ், ரோலர் எல்லாம் பையோடு இங்கேயே கிடக்கிறது.

நீ வந்துவிடு. தனியாக அந்த வாசலில் நிற்க என்னால் முடியாது.

சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

"எந்த டெஸ்ட்டுக்குமா? சத்தமா சொல்லு" என்று அவன் கேட்டதும் நீ முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது எனக்குக் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் வேண்டுமென்றுதான் கத்தினேன். "எச்.ஐ.வி. டெஸ்ட் சார். எனக்கொண்ணு, என் தங்கச்சிக்கொண்ணு. அப்படியே உங்க பேருக்கும் ஒரு சீட்டு எழுதிக்கோங்க, நல்லதுதானே!" வரிசையே சிரித்தது. வாயாடி இருந்திருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருப்பாள். அவள் டெஸ்ட் எடுக்கப் போனபோது நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

உனக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்த தாளை இரண்டு தரம் வாங்கிப் படித்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி என்றார்கள். செப்டம்பர் பதினைந்து. மறந்துவிடாதே. இங்கே என் பக்கத்து மிஷின் காலியாக இருப்பதைச் சொன்னேன், வேண்டாம் என்றாய். இருக்கட்டும், நான் அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பஸ் நிலையத்தில் மூன்று தடவை வாயைத் திறந்தாய். மூன்று தடவையும் டீ வாங்கப் போய்விட்டாய். என்ன சொல்ல வந்தாய்?

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. இதைப் படித்த பிறகு உனக்கு என் விசாரிப்பு வேண்டியிருக்காது.

நீ போன மறுநாள் அவர் பையைப் பிரித்தேன். அடியில், சுவர் தேய்க்கிற உப்புத்தாளுக்குள் ஒரு அட்டை இருந்தது. அதே ஆஸ்பத்திரி, எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற இடம். அவர் பேர். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. மூன்று மாதம் மாத்திரை வாங்கினதற்கு மூன்று முத்திரை. நாலாவது கட்டம் முதல் வெறுமையாக இருக்கிறது. வாங்காமல் விட்டிருக்கிறார். அவருக்குத் தெரியும் அக்கா. வாயாடிக்கு ஒரு இருமல்கூட வராத காலத்திலேயே தெரியும்.

பஸ் நிலையத்தில் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தக் காலத்தில் நான் வயிற்று வலி என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அந்த மாத்திரை வரிசையில் அவர் நின்றார். என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சுவரெல்லாம் அடிக்கச் சொல்லியிருக்காங்க, அளவு பார்க்க வந்தேன்" என்றார். அளவு பார்க்க வந்தவர் ஏன் வரிசையில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வந்து வாயாடியிடம் சொல்லவில்லை. ஒருத்தியின் ஆளைப் பற்றி இன்னொருத்தி பேசக் கூடாது. சொல்லியிருந்தால் என் கண் அவர் மேல் என்று சண்டைக்கு வந்திருப்பாள். அது பொய்யும் இல்லை அக்கா.

அப்புறம் என்னிடம் வந்தபோதும் அந்த வரிசையை நினைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

சின்னவள்


ஆகஸ்டு 9

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கவில்லை.

நீ அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அவள் உன் மயிரைப் பிடித்து இழுத்திருப்பாள், உன் முகத்தில் காறித் துப்பியிருப்பாள். இருந்திருப்பாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. என்னிடம் அது இல்லை. நானே அவளிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே இன்னும் கிடைக்கவில்லை. செப்டம்பர் பதினைந்தாம் தேதி டெஸ்ட்டை எடு. இப்போது அவன் யார் வீட்டில் சோறு சாப்பிடுகிறான் என்று யோசித்துப் பார்.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நீயும் என் அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது டெஸ்ட்டிலும் இல்லை. உறுதி என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவளுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து யோசித்தேன்.

நேற்று அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, அதே மத்தியான நேரம். பையை எடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "இளைச்சுட்டியே, சாப்பிடறியா இல்லியா?" என்றார். பொய் சொல்ல மாட்டேன் அக்கா. அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னும் கரைகிறேன்.

அட்டையை எடுத்து நீட்டினேன். பார்த்தார். "இது பழசு. எனக்கு ஒண்ணும் இல்ல, என்னைப் பாரு, நல்லாத்தானே இருக்கேன்?" என்றார். வாயாடியும் நல்லாத்தான் இருந்தாள் என்றேன். "அவகிட்ட எவனெவனோ வந்தான், அதுக்கு நானா பொறுப்பு?" என்றார்.

அப்போதுதான் நான் வெளியே வந்து கத்தினேன். அறைக்குள்ளே இல்லை, நடுக்கூடத்தில். எல்லாக் கதவும் திறந்தது. "இவருக்கு இந்த வியாதி இருக்கு, மூணு வருஷமா தெரியும், மாத்திரையையும் பாதியில விட்டுட்டாரு, தெரிஞ்சேதான் கவர் இல்லாம படுத்தாரு, வாயாடியைக் கொன்னது இவர்தான்" என்று கத்தினேன். அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அந்த சீட்டு எழுதுகிறவன் அவளை அசிங்கப்படுத்தின மாதிரியே ஒரு மனுஷனை ஊர் கூட்டி அசிங்கப்படுத்தினேன். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

யாரும் எனக்காகப் பேசவில்லை. மாடிக்காரி வந்து, "வியாதி வீடுன்னு பேர் வாங்கிக் கொடுத்துட்டியே பாவி, நாளைக்கு எவன்டி இந்தப் படி ஏறுவான்?" என்று கன்னத்தில் அறைந்தாள். மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "செத்தவ ஆளையும் விடல, இப்ப அவ பேரையும் விடல இவ" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். கடைசி அறைக்காரி வந்து பக்கத்தில் நின்றாள். ஒல்லியாக ஒருத்தி, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அவளுக்கு ஆள் என்று யாரும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தெரியாது. என் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குக்கா திறப்பாங்க?"

ஒன்பது மணி என்றேன். நாளைக்கு அவளோடு போகிறேன். சத்தமாகச் சொல்லச் சொன்னால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.
சின்னவள்